டேங்க் முதல் சிலிண்டர் வரை: அவுட்போர்டு மோட்டாருக்குப் பெட்ரோல் போய்ச் சேரும் வழி

மும்பையில் வாழும் நம்மவர்களுக்குப் படகு என்றதும் கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்குப் போகும் லாஞ்சுதான் நினைவுக்கு வரும். அதன் டீசல் எஞ்சின் படகின் உள்ளே இருப்பதால் பயணிகள் கண்ணில் படுவதில்லை. இந்தக் கட்டுரை பேசுவது வேறொரு வகையைப் பற்றி. வெர்சோவா, மட் பக்கத்துக் கரைகளில் நிற்கும் சிறிய ஃபைபர் படகுகள் சிலவற்றின் பின்பலகையில், மேலே மூடியும் கீழே புரொப்பெல்லருமாக ஒரு மோட்டார் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே அவுட்போர்டு மோட்டார். எஞ்சின், தண்டு, புரொப்பெல்லர் மூன்றும் ஒரே உருப்படியாக இருப்பதால், சிறிய மோட்டாராக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இதன் எரிபொருள் அமைப்பில் உதிரிகள் அதிகம் இல்லை. டேங்க், ரப்பர் குழாய், குழாயின் நடுவே கையால் அமுக்கும் ஒரு பல்ப், வடிகட்டி, பம்ப், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, பெட்ரோல் ஏன் நகர்கிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவது பயன் தரும். கார்புரேட்டர் பொருத்திய பெரும்பாலான பைக்குகளில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருப்பதால் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. படகிலோ டேங்க் தரைப்பலகையில் கிடக்கிறது. கார்புரேட்டர் அதைவிட உயரத்தில், சில அடி தள்ளி, பின்பலகைக்கு வெளியே இருக்கிறது. எனவே வழி நெடுகிலும் ஒரு பக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால்தான் பெட்ரோல் முன்னேறும். இந்த வேறுபாடு மிகச் சிறியது. அதனாலேயே எளிதில் கெட்டுப்போகக் கூடியது. நடுக்கடலில் நின்றுபோகும் மோட்டார்கள் பலவற்றில் கோளாறு எஞ்சினுக்குள் இருக்காது. டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும் என்பது என் கருத்து.

டேங்கிலிருந்து தொடங்குவோம். கையில் தூக்கிச் செல்லும் டேங்குகள் பெரும்பாலும் 12 அல்லது 24 லிட்டர் கொள்ளளவு கொண்டவை. மூடியின் நடுவில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் காற்று உள்ளே போக வழி திறக்கும். புதிதாக மோட்டார் ஓட்டுபவர்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் உதிரி இதுதான். பெட்ரோல் வெளியேற வெளியேற அது விட்டுப்போன இடத்தை வெளிக்காற்று வந்து நிரப்ப வேண்டும். திருகு மூடியிருந்தால், உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றே விரிந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். விரிய விரிய அதன் அழுத்தம் குறையும். ஒரு கட்டத்தில் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. டேங்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் உள்ளே காற்று குறைவு என்பதால் அழுத்தம் விரைவாகச் சரிந்து மோட்டார் சீக்கிரமே நின்றுவிடும். பாதி டேங்க் இருந்தால் இன்னும் சற்று நேரம் ஓடும். “இப்போதுதானே டேங்கை நிரப்பினேன், அதற்குள் எப்படி நின்றது?” என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. படகைக் கட்டிப்போட்டுவிட்டு, திருகை மூடி, குழாயைக் கழற்றாமல் வெயிலில் விட்டால், சூட்டில் பெட்ரோல் ஆவி பெருகி டேங்க் உப்பும். அந்த அழுத்தம் பெட்ரோலைக் குழாய் வழியே தள்ளி, கார்புரேட்டர் நிரம்பி வழியும்படி செய்துவிடக்கூடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது மேலே கலைந்து போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தங்கும். ஆகையால் ஓடும்போது திருகு திறந்திருக்க வேண்டும். ஓய்வில் திருகை மூடிக் குழாயையும் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் நிரப்பும்போது டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும் என்று சொல்வதற்கும் இந்த ஆவியே காரணம்.

டேங்கிலிருந்து கிளம்பும் குழாயின் நடுவில் முட்டை வடிவில் இருக்கும் ரப்பர் பல்புக்கு இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஒருவழி வால்வு உண்டு. அமுக்கும்போது டேங்க் பக்கத்து வால்வு மூடிக்கொள்ள, பெட்ரோல் எஞ்சின் பக்கம் போகிறது. கையைத் தளர்த்தும்போது எஞ்சின் பக்கத்து வால்வு மூடிக்கொள்ள, டேங்கிலிருந்து புதிய பெட்ரோல் வருகிறது. அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். எஞ்சின் பக்க முனையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் வால்வுகள் நன்றாக வேலை செய்யும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் குழாயும் கார்புரேட்டரும் காலியாக இருப்பதால், எஞ்சினின் சொந்தப் பம்ப் இயங்கத் தொடங்கும் வரை அந்த வேலையை நம் கை செய்கிறது. பல்பின் பணி இவ்வளவுதான். ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி எதுவும் இல்லை.

தாருகானாவில் கப்பல், படகு உதிரிகள் விற்கும் சந்துகளில் ஒன்றில், திருநெல்வேலிக்காரர் ஒருவர் வேலை பழகும் பையனிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “ஏலே தம்பி, கார்புரேட்டர்ல இப்போ கை வைக்காத. மொதல்ல பல்பப் புடிச்சுப் பாத்துச் சொல்லு.” பையன் தொட்டுப் பார்த்துவிட்டு, “சப்பிப் போயிக் கெடக்கு, அண்ணாச்சி” என்றான். “அப்போ டேங்க் மூடியப் போயித் தொற.” திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டது. அடுத்த சில நொடிகளில் பல்பு தானாகவே உருண்டு திரண்டது.

அந்தச் சிறு உரையாடலுக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. பல்பு சப்பிப் போயிருந்தால் அதற்கு முந்தைய பகுதியில், அதாவது டேங்க் திருகிலோ, டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் சல்லடையிலோ, உட்புறப் படலம் உரிந்துபோன குழாயிலோ அடைப்பு இருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது வால்வு தேய்ந்துவிட்டது. கூடவே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் பெட்ரோல் நுழையும் வாயிலை அடைக்க அங்குள்ள ஊசி வால்வு மூடவில்லை. கல் போல இறுகி நின்றால் பெட்ரோல் எஞ்சின் வாசல் வரை வந்துவிட்டது. இனித் தேட வேண்டியது அதற்கு அப்பால். மோட்டார் முக்கி முனகி நிற்கப் போகும் நேரத்தில் பல்பை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் அது மீண்டும் சீராக ஓடுகிறது என்றால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது பம்பை.

வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் மூடியைத் திறந்தால் கண்ணாடி போன்ற சிறு கிண்ணத்துக்குள் அது தெரியும். தூசியைத் தடுக்கும், தண்ணீரை அடியில் தங்கவைக்கும். கிண்ணத்தின் அடியில் ஒரு கோடு தெரிந்தால் கோட்டுக்குக் கீழே இருப்பது தண்ணீர்.

பம்ப் அதைவிடச் சுவையானது. கார்புரேட்டர் பொருத்திய டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் (பிஸ்டனின் ஓர் ஏற்றம், ஓர் இறக்கத்துக்குள் ஒரு சுற்று வேலை முடியும் வகை) இதற்கு மின்சாரமும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழுள்ள கிராங்க்கேஸ் என்ற மூடிய அறையில் அழுத்தம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு நுண்துளை வழியாகப் பம்புக்குள் இருக்கும் மெல்லிய படலத்தின் ஒரு பக்கத்தைத் தாக்குகிறது. இதை டயாஃப்ரம் என்பார்கள். படலத்தின் மறுபக்கத்தில் பெட்ரோலும் இரண்டு ஒருவழி வால்வுகளும் இருக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் படலமும் நிமிடத்துக்கு 5,000 முறை முன்னும் பின்னும் துடிக்கிறது. கை பல்பில் நடந்த அதே வேலையை இங்கே எஞ்சினின் மூச்சு செய்கிறது என்று சொல்லலாம். கார்புரேட்டர் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரில் (இதே வேலைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம்) பொதுவாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு இந்தப் படலத்தை இயக்குகிறது.

படலம் காலப்போக்கில் விறைத்துப்போனால் மோட்டார் மெதுவாக ஓடும்போது குறை தெரியாது. முழு வேகம் கொடுத்ததும் பெட்ரோல் போதாமல் திணறும். ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தால் வேறு விதமான தொல்லை வரும்: அந்த நுண்துளை வழியே பெட்ரோல் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இழுக்கப்பட்டு, புகை பெருகி, தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். புகை வருகிறதே என்று கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக் காலத்தை வீணாக்குபவர்கள் பலர்.

கார்புரேட்டருக்குள் நடப்பது

கார்புரேட்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு மிதவை. மிதவையோடு இணைந்த ஓர் ஊசி. பெட்ரோல் உயர்ந்தால் மிதவை ஏறி ஊசியால் வாயிலை அடைக்கும். குறைந்தால் இறங்கித் திறக்கும். வீட்டுக் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து பார்த்திருந்தால் இதை விளக்கவே தேவையில்லை. கிண்ணத்தின் மேற்பரப்பில் எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்குமாறு ஒரு துவாரமும் உண்டு.

எஞ்சின் உறிஞ்சும் காற்று, நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு குழல் வழியே பாய்கிறது. ஒடுக்கமான இடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். 18-ஆம் நூற்றாண்டில் பெர்னூலி என்ற அறிஞர் வகுத்த இந்த விதிதான் கார்புரேட்டரின் உயிர். கிண்ணத்தில் வெளிக்காற்றின் முழு அழுத்தம், ஒடுக்கத்தில் அதைவிடக் குறைந்த அழுத்தம். ஆகவே கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியே மேலேறி, காற்றோடு துளித்துளியாகக் கலக்கிறது. எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைத் துளையின் அளவே தீர்மானிக்கிறது. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. மோட்டார் பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம் தின்கிறது.

ஒரே துளை எல்லா வேகத்துக்கும் போதாது. மெல்ல ஓடும்போது ஒடுக்கத்தில் காற்றின் வேகம் போதாமல் பிரதான ஜெட் வழியாகப் பெட்ரோல் எழாது. அதற்காக, காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும், அப்போது கிட்டத்தட்ட மூடிய நிலையில் இருக்கும் த்ராட்டில் தகட்டுக்கு அருகே பைலட் ஜெட் என்ற மிக நுண்ணிய துளை தனியாக இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், சோக்கை இழுத்துக் காற்றை மட்டுப்படுத்திக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறோம். சூடேறிய பிறகும் சோக்கை இழுத்தே வைத்திருந்தால் பிளக் நனைந்து மோட்டார் நின்றுவிடும்.

பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பல வாரங்கள் ஓடாமல் கிடந்த மோட்டாரில் கிண்ணத்துப் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசுபிசுப்பான பழுப்புக் கசடாகப் படிகிறது. முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். முழு வேகத்தில் ஓடும், வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும் என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கும். இதை இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே அகன்றாலும் கலவையின் கணக்கு நிரந்தரமாக மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் கலவை கார்புரேட்டரிலிருந்து நேராகச் சிலிண்டருக்குப் போவதில்லை. ரீட் வால்வு எனப்படும் மெல்லிய தகடுகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் நுழைந்து, அங்கே பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகள் ஊடாக மேலே ஏறுகிறது. கிராங்க்கேஸில் தனியாக எண்ணெய் இல்லை என்பதால், பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலே சுமந்து வருகிறது. வழக்கமான விகிதம் 50-க்கு 1. 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி எண்ணெய். புது எஞ்சினைப் பழக்கும் காலத்தில் எண்ணெயின் பங்கைக் கூட்டுவார்கள். கையேட்டில் உள்ளதே அதற்குக் கணக்கு. பைக்குக்கான டூ-டி எண்ணெயை இதில் ஊற்றக் கூடாது. கடல் நீரால் குளிரும் எஞ்சின்களுக்கென்று வகுத்த டிசி-டபிள்யூ3 தரத்து எண்ணெயே வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பொல்லாத விளைவை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அடைபட்ட ஜெட், காற்று நுழையும் குழாய், பாதி அடைந்த வடிகட்டி எதுவானாலும், கலவையில் பெட்ரோல் குறைந்து வெப்பம் ஏறும் அதே நேரத்தில் பிஸ்டனின் எண்ணெய்ப் பூச்சும் மெலிகிறது. சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் வீதம் உள்ள மோட்டார்களில், அடைபட்ட சிலிண்டர் மட்டும் காய்ந்து பிடித்துக்கொள்ள, மற்றவை அதுவரை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெயைத் தனித் தொட்டியிலிருந்து பம்ப் மூலம் கலக்கும் மாடல்களில் டேங்கில் கலக்கும் வேலை மிச்சம்; அவற்றில் எண்ணெய்த் தொட்டியைப் பார்ப்பது படகோட்டியின் பொறுப்பு.

குமரி, தூத்துக்குடி கடற்கரை ஊர்களிலிருந்து மும்பைக்கு வந்தவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு நினைவிருக்கும். அதுவும் இந்தக் கதையின் ஒரு கிளைதான். பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். எனவே சிறிய பெட்ரோல் டேங்கில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டினால், கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கும். அடுத்த நாள் ஸ்டார்ட் ஆவதில் தொந்தரவு இருக்காது. மண்ணெண்ணெய் எளிதில் தட்டல் (கலவை முறை தவறி வெடிப்பது) உண்டாக்கும் என்பதால் அந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு, குறைவாகவே வைக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெயை ஊற்றுவது பிஸ்டனைத் தொலைப்பதற்கான வழி.

புதிய தலைமுறை மோட்டார்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பல்பும் முதல் பம்பும் அப்படியே இருக்கின்றன. அவை பெட்ரோலைக் கொண்டுபோய் ஓர் இடைத்தொட்டியில் சேர்க்கின்றன. அங்கே ஆவிக் குமிழிகள் பிரிந்துவிட, மின்பம்ப் ஒன்று பெட்ரோலைச் சில பார் அழுத்தத்துக்கு உயர்த்தி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. சோக்கை இழுக்க வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சமாகிறது, புகை குறைகிறது. ஆனால் டேங்க் திருகை மறந்தால் அந்த விலையுயர்ந்த மோட்டாரும் அதே போல்தான் நிற்கும்.

மழைக்காலமும் எத்தனாலும்

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் படகுகளும் மழைக்காலத்தில் நின்றுவிடுகின்றன. ஆகவே மும்பையின் சிறு மோட்டார்கள் பல ஆண்டுதோறும் ஈரம் மிகுந்த மாதங்களிலேயே சும்மா கிடக்கின்றன. எரிபொருள் அமைப்புக்கு இதைவிடக் கெட்ட பருவம் இல்லை, அதிலும் இப்போதைய பெட்ரோலோடு.

2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நாட்டின் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று புகுந்து, அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சுகுழாய் இருப்பதும் அந்த அடியில்தான். கலவையில் உள்ள எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடுவதால், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் முதலில் போவது எண்ணெய் இல்லாத திரவம். எத்தனால் எரியத் தேவையான காற்று பெட்ரோலைவிடக் குறைவு என்பதால், பழைய அளவில் துளையிட்ட ஜெட் இந்தப் பெட்ரோலில் கலவையை, காற்று மிஞ்சும்படி, மெலிதாக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது தளர்த்தும். பல அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதத்தையே உச்ச வரம்பாகச் சொல்கின்றன. உங்கள் மாடலுக்கு எது வரம்பு என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் பெட்ரோல் வாங்குவது நல்லது.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே வையுங்கள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும், குப்பியைச் சாய்த்தால் முத்துகள் ஒன்றோடொன்று சேரும்.

தடைக்காலத்துக்கு முன் கார்புரேட்டர் மோட்டாரை நிறுத்திவைப்பவர்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைக் கழற்றி, மெதுவான வேகத்தில் தானாக நிற்கும்வரை ஓடவிடுவார்கள். இது கிண்ணத்தை முழுதாகக் காலியாக்காது. அடித்திருகு வழியே மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் வேகம் கொடுத்துக் காயவிடக் கூடாது என்பதற்கான காரணத்தை மேலே எண்ணெய் பற்றிச் சொன்ன இடத்திலேயே பார்த்தோம். இன்ஜெக்ஷன் மோட்டார்களை இப்படி வறட்டி நிறுத்தக் கூடாது. அவற்றின் மின்பம்ப் பெட்ரோலாலேயே குளிர்கிறது. அவற்றுக்குப் புதுப் பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது வழக்கம். ஆகஸ்டில் திரும்பி வந்ததும் டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை எடுத்துவிட்டு, வடிகட்டியை மாற்றி, டேங்க் திருகைத் திறந்து, பல்பு இறுகும்வரை அமுக்கிய பிறகே ஸ்டார்ட் கயிற்றில் கை வைக்க வேண்டும்.